மலையில்லாத ஊரில் எங்கே ஏறுவது?

கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலை வழியே வடக்கே நடக்கும் பயணிக்கு, வலப்பக்கம் முழுவதும் துறைமுகத்தின் மதில்தான் துணை. மதிலுக்கு அப்பால் கப்பல் நிற்கிறது என்பது கிரேனின் தலை தெரிவதை வைத்துத்தான் புரியும். வாயிலில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர் நிற்பார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. ராயபுரம் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்தால் மதிலின் வேலையைக் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் கடலை மறைக்கும் கருங்கல் குவியல். அதற்கும் வடக்கே உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், அவற்றின் சுற்றுச்சுவர்கள். காலையில் புறப்பட்டு மாலைவரை நடந்தாலும், வடசென்னையைச் சுற்றியுள்ள சுவர்களைப் பார்த்தோம் என்றுதான் சொல்ல முடியுமே தவிர, வடசென்னையைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. ஆகவே இந்த அத்தியாயம் சொல்லும் முறை வேறு: முதலில் எங்காவது ஏறுங்கள், பிறகு இறங்கி நடங்கள். இந்தப் பகுதியின் எல்லாக் கதைகளுக்கும் அடியில் இருக்கும் ஒரு கதை, துறைமுகம் கடற்கரையை என்ன செய்தது என்பது. அதைத் தரையில் நின்று புரிந்துகொள்வது மிகக் கடினம்.

துறைமுக நகரங்கள் பலவும் இந்தச் சிக்கலை மலையை வைத்துத் தீர்த்துக்கொண்டன. தென்கொரியாவின் பூசான் நல்ல உதாரணம். அந்நாட்டின் மிகப் பெரிய துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. பழைய கடைவீதிக்கு நடுவே 49 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு குன்று. அதன் மேல் யோங்டுசான் பூங்கா. பூங்காவின் நடுவில் 1973-ல் எழுப்பப்பட்ட 120 மீட்டர் கோபுரம். கடைத்தெருவிலிருந்தே நகரும் படிக்கட்டில் ஏறிவிடலாம். கோபுரத்துக்குத்தான் கட்டணம், பூங்காவுக்கு இல்லை. கொரியப் போரின்போது அகதிகளின் குடிசைகள் நிரம்பி, பின்பு தீயில் எரிந்து, அதற்குப் பிறகு பூங்காவான இடம் அது. மேலே நிற்பவருக்கு வடக்குத் துறைமுகமும், மீன் சந்தையும், எதிரே உள்ள தீவும், மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிப்போன வீடுகளும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். ஊரின் பிழைப்பு எது, அதற்கு ஊர் கொடுத்த இடம் எவ்வளவு என்பது அங்கே யாரும் விளக்காமலே விளங்கும். சென்னையின் வடபகுதியில் அப்படி ஒரு குன்று கிடையாது. நகரின் பேர்பெற்ற குன்றான பரங்கிமலை, சுமார் 300 அடி உயரத்தில், தெற்கே கிண்டிக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் விமான நிலையம்தான் கைக்கெட்டும் தூரம். ராயபுரம் வெறும் தொடுவானம். எனவே மனிதன் கட்டியவற்றில்தான் ஏறியாக வேண்டும். நம் தேவைக்கு உதவுபவை நான்கு: மெரினா கலங்கரை விளக்கம், மாடிப் பூங்கா, உயர்மட்டப் பாதையில் ஓடும் மெட்ரோ ரயில், அண்ணா நகர் கோபுரப் பூங்கா. நான்கும் சமமானவை அல்ல. அவகாசம் குறைவு என்றால் முதலாவதையும் மூன்றாவதையும் விட்டுவிடாதீர்கள்.

வடசென்னையைப் பார்க்கத் தெற்கே மெரினாவுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. விடை கலங்கரை விளக்கத்தின் மேலே இருக்கிறது. இது சென்னையின் நான்காவது கலங்கரை விளக்கம். முதலாவது 1796-ல் கோட்டைக்குள் எரிந்தது; இரண்டாவது 1844-ல் தூணாக எழுந்து இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது; மூன்றாவது 1894-ல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கே ஏறியது. 1977 ஜனவரியில் அந்த வேலை மெரினாவின் தென்கோடியில் உள்ள சிவப்பு வெள்ளை முக்கோணக் கோபுரத்துக்கு மாறியது. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பாதுகாப்புக் காரணத்தால் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, 2013 நவம்பர் 14 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. ஒன்பதாவது மாடிவரை லிஃப்ட் உண்டு. முழங்கால் வலிக்காரர்களும் தயங்க வேண்டியதில்லை. காலையில் ஒரு வேளை, பிற்பகலில் ஒரு வேளை என்று திறப்பார்கள். பிற்பகல் 3 மணி வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காலையில் கடல்பக்கம் பார்த்தால் சூரியன் முகத்தில் அடிக்கும். பிற்பகலில் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடுவதால் கப்பல்களின் நிறம்வரை துலங்கும். தொப்பியையும் துப்பட்டாவையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். மேலே காற்று பலமாக வீசும். தொலைநோக்கி இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

மேலே போனதும் எல்லோரும் முதலில் நேர் கிழக்கே கடலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வடக்கே திரும்பி நில்லுங்கள். காலடியில் தொடங்கும் மணல் பரப்பு வடக்கே போகப் போக எவ்வளவு அகலம் என்று கவனியுங்கள். சாலையிலிருந்து அலைவரை நடப்பதற்குள் களைத்துப்போகும் அந்த அகலம் இயற்கையாக அமைந்ததல்ல. துறைமுகம் கட்டப்படும் முன் கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. 1876-ல் கடலுக்குள் இரண்டு கைகளாக அலைதடுப்புச் சுவர்களை நீட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, திரும்பக் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் திசை மாறும் என்றாலும், ஆண்டுக் கணக்கில் மணல் போவது வடக்கேதான். அந்த ஓட்டத்தின் குறுக்கே சுவர் வந்ததும் மணல் சுவரின் தெற்கே தங்கிவிட்டது. அதுதான் மெரினா. மணல் வரத்து நின்றுபோன வடக்குக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. அதுதான் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். நகரத்தின் ஒரு பாதிக்குக் கிடைத்த மாலை நேர மணல்வெளியும் மறு பாதி இழந்த கரையும் ஒரே சுவரின் இரு விளைவுகள். இந்த ஒரு வரியை நம்புவதற்காகத்தான் கலங்கரை விளக்கத்தில் ஏறச் சொல்கிறேன். மணல் அகன்று அகன்று போய், கூவம் முகத்துவாரத்தில் திட்டாக அடைத்து, துறைமுகச் சுவரில் முட்டி நிற்பது அங்கிருந்து ஒரே தொடர்ச்சியாகத் தெரியும். கரையில் உடையும் அலைகளையும் சிறிது நேரம் பாருங்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் நுரைக்கோடு கரைக்கு இணையாக விழாது. தெற்கு முனையில் முதலில் உடைந்து வடக்கே ஓடும். மணல் நகரும் திசையை அந்த நுரை காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தாலே பார்த்துவிடலாமே, ஏறுவானேன் என்று கேட்கலாம். படம் பயனுள்ளதுதான், மேலே போகும்போது திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எது எந்தக் கட்டடம் என்று அடையாளம் காண உதவும். ஆனால் படம் ஒரு கணத்தை உறையவைத்துக் காட்டுகிறது. அலையின் சாய்வு, கடற்காற்று எழும் நேரம், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள், வடக்கே புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பன அதில் இல்லை. வடசென்னைக்காரருக்கு இந்தக் கடைசி விஷயம் அன்றாடப் பாடு. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும்போது கரையோர ஆலைகளின் புகை மேற்கே, குடியிருப்புகளின் மேல் சாயும். இரவிலும் விடியலிலும் நிலக்காற்று அதைக் கடலுக்குத் திருப்பும். இதை அறிய ஓரளவு நேரம் உயரத்தில் நிற்க வேண்டும். புகைமூட்டம் இருந்தால் ஒன்றுமே தெரியாதே என்பது இன்னொரு தடை. மார்கழி, தை மாதங்களின் காலைப் பனியும் போகியன்று எழும் புகையும் உண்மையிலேயே பார்வையைக் கெடுக்கும். அந்த நாட்களில் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது மாடிப் பூங்கா. பழைய வண்ணாரப்பேட்டை ஓரம், இப்ராகிம் சாகிப் தெருவில், பழைய நகர மதிலின் மிச்சத்தின் மேல் அமைந்த பூங்கா இது. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. 1769-ல் ஹைதர் அலி குதிரைப் படையோடு பரங்கிமலைவரை வந்து கிழக்கிந்தியக் கம்பெனியை உடன்படிக்கைக்கு இறங்கவைத்தார். அந்த அச்சத்தில், இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுந்த மதில் இது. கட்டும் ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டுக்குப் போனது. மதிலுக்காக மக்கள்மேல் வரி போட நினைத்த கதை மேற்குப் பக்கத்து வால்டாக்ஸ் சாலையின் பெயரில் தங்கிவிட்டது. இங்கே ஏறி நின்றால் பெரிய காட்சி எதுவும் கிடைக்காது. மாடி வீடுகள் மதிலைவிட உயர்ந்து நெடுநாளாகிறது. ஆனாலும் வழிகாட்டி நூலில் இதற்கு இடம் உண்டு. மதிலின் தெற்கே இருந்தது கம்பெனி காக்க நினைத்த நகரம். வடக்கே இருந்த வண்ணாரப்பேட்டையும் ராயபுரமும் வெளிப்புறம். பின்னால் 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதும், எண்ணெய்க் கிடங்குகளும் ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் வடக்கே வந்ததும், நகரம் தன் வெளிப்புறத்தை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதன் தொடர்ச்சிதான். அந்த எல்லைக்கோட்டைக் காலால் தொட்டுப் பார்க்க வேறு இடம் இல்லை. இது பாதுகாக்கப்பட்ட சின்னம். செங்கல்லைப் பெயர்ப்பதோ பெயர் கிறுக்குவதோ கூடாது. கதவு திறந்திருக்கிறதா என்று தெருக்காரர்களிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

உண்மையில் வடசென்னையின் பார்வைக் கோபுரம் என்று சொல்லத் தக்கது 2021 பிப்ரவரி 14 அன்று ஓடத் தொடங்கியது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நீட்டிப்பைத்தான் சொல்கிறேன். யாரும் அதைப் பார்வை இடமாகக் கட்டவில்லை. அப்படி விளம்பரமும் இல்லை. ஆனால் விமான நிலையத்திலிருந்து வரும் நீல வழித்தட ரயில் தண்டையார்பேட்டைக்குப் பிறகு பூமிக்கடியிலிருந்து வெளிவந்து, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று நெடுஞ்சாலைக்கு மேலே ஓடும்போது, இந்தப் பகுதியில் சாதாரணப் பயணி ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த உயரம் அதுதான். வடக்கே போகையில் வலப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள். கட்டடங்களின் இடைவெளியில் கடல் கீற்றுக் கீற்றாக வரும். திரும்பும்போது மறுபடி வலப்பக்கம் உட்கார்ந்தால் மேற்கே மணலியின் புகைபோக்கிகள் தெரியும். 1960களில் வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த ரசாயன ஆலைகளும் அந்தத் திசையில்தான். காலை வெயில் மேற்குப் பக்கத்தின்மேல் விழும் என்பதால் மணலியைப் பார்க்கக் காலை நல்லது. தேரடியில் இறங்கினால் நடந்தே தியாகராஜர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகலாம். பட்டினத்தார் சமாதி கடலோரத்தில் இருக்கிறது. ஆலைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊர் தேவாரம் பெற்ற தலம். தொழிற்பேட்டை என்று மட்டும் நினைத்து வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அண்ணா நகர் கோபுரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட விஸ்வேஸ்வரய்யா கோபுரம், 135 அடி உயரம், சுற்றிலும் மரங்கள் அடர்ந்த பூங்கா, வாசல் அருகிலேயே மெட்ரோ நிலையம். குடும்பத்தோடு மாலைப் பொழுதைக் கழிக்கச் சென்னையில் இதைவிடச் சௌகரியமான உயரம் இல்லை. ஆனால் துறைமுகம் வெகு தூரம். நம் நோக்கத்துக்கு இது துணை இடம் மட்டுமே. இந்தக் கோபுரத்தை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் வேறு. உயிரை மாய்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு சிலர் ஏறியதால் 2011-ல் பொதுமக்கள் ஏறுவது நிறுத்தப்பட்டது. தடுப்புக் கம்பிகள் பொருத்திப் புதுப்பித்து 2023-ல் திறந்தார்கள். கலங்கரை விளக்கமும் அப்படித்தான் மூடித் திறந்தது. துறைமுகத்தைப் பார்க்க வடக்கே ஒரு கோபுரம் கட்டலாமே என்று யாராவது பேச்செடுத்தால், பாதுகாப்பு என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடுவது வழக்கம். பாதுகாப்பு பொய்க்கவலை அல்ல. ஆனால் போர் இன்னும் முறையாக முடிவுக்கு வராத நாடு தென்கொரியா. கடற்படைத் தளமும் உள்ள பூசானில் துறைமுகத்துக்கு மேலேயே கோபுரம் வைத்திருக்கிறார்கள். கம்பியும் காவலரும் நேரக் கட்டுப்பாடும் போதும் என்பதற்கு நம் ஊரிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

இந்த முறைக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் மறைந்துவிடுவார்கள். புகைபோக்கிகளும் கிரேன்களும் அழகாகிவிடும். ஏழைகள் வாழும் ஊரை மேலிருந்து வேடிக்கை பார்ப்பதாக ஆகிவிடும். இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஏறுவதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். முதல் நாள் பிற்பகல் கலங்கரை விளக்கத்தில் பார்த்ததை மறுநாள் விடியலில் தரையில் சரிபாருங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் இருள் பிரியும் முன்பே சூடு பிடித்துவிடும். ஐஸ் நீர் ஓடும் தரையில் வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கூடை சுமந்து வருபவருக்கு வழி விடுங்கள். விரித்த வலையை மிதிக்காதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் குறைவு, ஆனால் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு அடைந்து நிற்பதையும், கரையேற்றிய படகுகளுக்குப் பழுது பார்த்து வண்ணம் பூசுவதையும் அப்போதுதான் பார்க்கலாம். அங்கிருந்து வடக்கே கரையோரம் போனால் கருங்கல் தடுப்பு தொடங்கும். இடையிடையே கடலுக்குள் நீளும் கல் வரிசைகளைத் தூண்டில் வளைவு என்பார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் தெற்கே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும், வடக்கே குறைந்திருக்கும். முதல் நாள் கிலோமீட்டர் கணக்கில் பார்த்த அதே பாடம் இங்கே சில எட்டுகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. படகை இழுத்து வைக்கவும் வலை காயப்போடவும் அந்த மணல் துண்டுதான் குப்பத்துக்கு மிச்சம். உயரத்தில் ஏறாமல் நேரே இங்கே வந்தவருக்கு இது கல்லும் மணலும். ஏறிவிட்டு வந்தவருக்கு மெரினாவின் மறுபக்கம்.

பிறகு விம்கோ நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயிலில் எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வரை போய்வாருங்கள். எண்ணூருக்கும் புதுநகருக்கும் இடையே ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும்போது கதவருகே நெருங்காமல் சன்னல் வழியே பாருங்கள். அகன்ற நீர்ப்பரப்பு, இறால் தேடும் படகுகள், அவற்றுக்குப் பின்னால் அனல் மின் நிலையம். 1970 முதல் இயங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆற்றின் வடகரையில் வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் நிலையமும் ஓடுகின்றன. வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், திறக்கப்பட்டது. சாம்பல் கழிவு, 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய் என்று இந்த ஆறும் கடற்கரையும் பட்டது கொஞ்சமல்ல. அதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் முகத்துவாரத்து மீனவர்களிடம் பொறுமையாகக் கேளுங்கள். எந்தப் பலகையும் சொல்லாததைச் சொல்வார்கள்.

வடசென்னையில் மலையே இல்லை என்றேன். மனிதன் உண்டாக்கிய ஒன்று உண்டு. கொடுங்கையூர்க் குப்பைமேடு. அங்கே வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். பக்கத்தில் மக்கள் அந்தப் புகையைச் சுவாசித்து வாழ்கிறார்கள். சியோலில் 1978 முதல் 1993 வரை குப்பை கொட்டிய நஞ்சிடோ தீவு சுமார் 98 மீட்டர் மேடாகி, பிறகு மண் மூடி, வாயுவைக் குழாய்களில் பிரித்தெடுத்து, கசிவுநீருக்குத் தடுப்பு வைத்து, 2002-ல் வானப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கொடுங்கையூரிலும் அதையே செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்பதுதான் நல்ல வழி என்பது என் முடிவு. மாநகராட்சி எடுத்திருக்கும் வழியும் அதுவே. நாற்றத்தைச் சகித்தவர்களுக்குச் சமதளமான சுத்தமான மண்ணைத் திருப்பித் தருவது முதல் கடமை. மீட்ட நிலத்தில் பூங்காவும், துறைமுகம் தெரிகிற உயரத்துக்கு ஒரு கோபுரமும் கட்ட வேண்டும். அண்ணா நகருக்கு 1968-லேயே கிடைத்தது கொடுங்கையூருக்கும் கிடைக்க வேண்டும். சென்னையின் வடபகுதியைப் பார்த்து முடித்தவர்கள் இந்தக் கோரிக்கையைத் தங்கள் வட்டார மாமன்ற உறுப்பினர் காதில் போட்டுவையுங்கள். புறப்படுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று: கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.